கட்டியங்காரன் வழிவந்த கலைவாணர்

புதுச்சேரியின் வடபுறத்தே அமைந்த கருவடிக்குப்பம் கவிஞர்களுக்குப் பழகிய பெயர். பாரதியாரின் குயில் பாட்டோடு சேர்த்துப் பேசப்படும் தோப்பு அங்குள்ளது என்பதே அதற்குக் காரணம். அவ்வூரின் இடுகாட்டில் தமிழ்க் கலையுலகின் பெரியவர் ஒருவரும் துயில்கின்றார். நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13-ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்து, கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். குயிலாப்பாளையத்திலிருந்து தெற்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால் அடையக்கூடிய இடம் அது.

சுவாமிகள் 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களாகச் சேர்ந்து பயின்றவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். ஆசிரியர் மறைந்த சில ஆண்டுகளில், 1925-இல், அவர்கள் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்னும் சொந்த நாடகக் குழுவைத் தொடங்கினர். அக்குழுவில் வந்து சேர்ந்த நாஞ்சில் நாட்டு இளைஞர் ஒருவரே பின்னாளில் 'கலைவாணர்' எனத் தமிழகம் முழுவதும் அறிந்த என்.எஸ். கிருஷ்ணன். வில்லிசைப் புலவர், நாடக நடிகர், பாடகர், திரைப்பட நகைச்சுவையாளர், கதாகாலட்சேபக்காரர், தயாரிப்பாளர், இயக்குநர் எனப் பல துறைகளில் நின்றவர் அவர்.

அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய சிரிப்பையும் கொடையையும் பேசுவர். இரண்டும் உண்மையே. எனினும் கலை வரலாற்றில் அவருக்குரிய இடம் அவ்விரண்டினும் வேறான ஒன்றால் அமைந்தது. தெருக்கூத்திலும் நாடகமேடையிலும் கோமாளிக்கு உரியதாய் இருந்த ஓர் உரிமையை, அக்கலைகளின் காலம் சாய்ந்து திரைப்படம் எழுந்தபோது, இழக்காமல் காத்துத் திரைக்குள் கொண்டு சென்றவர் அவர். அவ்வுரிமை யாது, அதை அவர் எவ்வாறு காத்தார், அதனால் விளைந்தது என்ன என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

கோமாளியின் உரிமை

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்கள் தெருக்கூத்தின் விளைநிலங்கள். செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் உள்ள திரௌபதியம்மன் கோயில் அவ்வழிபாட்டின் முதன்மைத் தலமாகக் கருதப்படுவது. இப்பகுதி ஊர்களில் பாரதக்கூத்து நிகழும் இரவுகளில் முதலில் களத்திற்கு வருபவன் அருச்சுனனும் அல்லன், துரியோதனனும் அல்லன், கட்டியங்காரனே. அவனே அவையை வணங்குவான். வேடங்களை அறிமுகம் செய்வான். அரசனுக்குக் காவலனாக நிற்பான். அடுத்த கணமே அவ்வரசனைக் கேலி செய்வான். மற்ற வேடங்கள் விருத்தமும் தருவும் பாட, அவன் ஊரார் பேசும் பேச்சையே பேசுவான். பாரதக் கதை துவாபர யுகத்தில் நடக்கும். கட்டியங்காரன் மட்டும் அந்த ஊரில், அந்த இரவில் நிற்பான். ஊர்ப் பெரியதனக்காரரைப் பற்றி ஒரு சொல் போகிறபோக்கில் சொல்ல அவனுக்கு மட்டுமே இசைவு உண்டு.

கதைக்குள் இருந்துகொண்டே கதைக்கு வெளியே நிற்கும் இந்நிலைதான் கோமாளியின் உரிமை. வடமொழி நாடகத்தின் விதூடகனுக்கும் இது ஓரளவு உண்டு. ஸ்பெஷல் நாடகம் எனப்பட்ட இசை நாடகங்களில் இவ்வுரிமை 'பபூன்' என்னும் பெயரோடு தொடர்ந்தது. வள்ளி திருமணமோ அரிச்சந்திராவோ எதுவாயினும், இடையிடையே பபூன் வந்து பாடி ஆடிப் போவதைக் காண்பதற்கென்றே ஒரு கூட்டம் காத்திருந்தது.

மேலைநாடுகளிலும் இதற்கு ஒப்பான ஓர் அரங்கு இருந்தது. அமெரிக்காவில் 'வாடவில்' என்றும் இங்கிலாந்தில் 'மியூசிக் ஹால்' என்றும் வழங்கிய பல்சுவை மேடையில் பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை எனத் தனித்தனி உருப்படிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன. ஒவ்வொரு கலைஞரும் தம் உருப்படிக்குத் தாமே ஆசிரியர். பிரெட் கார்னோ குழுவின் மேடையில் தேர்ந்த சார்லி சாப்ளின் 1914-இல் திரைக்கு வந்தார். பெற்றோரோடு குழந்தைப் பருவத்திலேயே வாடவில் மேடை ஏறிய பஸ்டர் கீட்டனும் அவ்வாறே வந்தார். மேடையில் கற்றதை இழக்காமல் திரையின் மொழிக்கு மாற்றிக்கொண்டவர்கள் நிலைத்தனர். மாற்ற அறியாதவர்கள் மறைந்தனர். கலைவாணரைத் தமிழகத்தின் சார்லி சாப்ளின் எனச் சிலர் கூறுவது பாராட்டுச் சொல்லாக மட்டுமன்றி வரலாற்று ஒப்புமையாகவும் பொருந்துவதாகும்.

வில்லடியும் நாடகக் குழுவும்

என்.எஸ். கிருஷ்ணன் 1908 நவம்பர் 29-ஆம் நாள் நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். இவ்விரு பெயர்களும் நாஞ்சில் நாட்டின் கலை வரலாற்றையே சொல்வன. சுடலைமாடன் கோயிலிலும் இசக்கியம்மன் கோயிலிலும் கொடைவிழாவின்போது இரவெல்லாம் முழங்குவது வில்லுப்பாட்டு. வறுமையால் பள்ளிப்படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றது. டென்னிஸ் ஆட்டக்களத்தில் பந்து பொறுக்கிப் போடுவது, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்பது எனச் சிறுவயதிலேயே உழைக்க நேர்ந்தது. தின்பண்டம் விற்ற சிறுவனுக்கு நாடகங்கள் இலவசமாகக் கிடைத்தன என்பதே அவ்வறுமை அளித்த ஒரே நன்மை.

வில்லுப்பாட்டின் அமைப்பு அவருடைய கலையின் அடித்தளம் ஆயிற்று. வில்லின் முன் அமர்ந்த புலவர் கதையைப் பாடியும் பேசியும் நடத்துவார். குடமும் உடுக்கையும் தாளமும் உடன்செல்லும். அருகிலிருப்பவர் 'ஆமாம்' போடுவார், ஐயம் எழுப்புவார், அறியாதவர்போல் வினவுவார். அவ்வினாவுக்கு விடையாகவே கதை நகரும். பின்னாளில் கலைவாணரும் மதுரமும் திரையில் நிகழ்த்திய சொல்லாடல்களை இவ்வமைப்போடு ஒப்பிட்டால் அவற்றின் வேர் எங்குள்ளது என்பது விளங்கும். ஒருவர் கூறுவதை மற்றவர் மறுத்தும் மடக்கியும் கேட்க, அவையோர் தாமே கேட்டதாக உணரும் முறை அது.

டி.கே.எஸ். குழுவில் அவர் நகைச்சுவை வேடங்களை மட்டும் ஏற்கவில்லை. நாடகக் குழு வாழ்க்கையில் யார் நோயுற்றாலும் அவ்வேடத்தை மற்றொருவர் அன்றிரவே ஏற்றாக வேண்டும். எனவே பிறர் பாடங்களையும் கற்றிருப்பது கட்டாயம். பாட்டு, வசனம், ஒப்பனை, மேடையமைப்பு என எல்லாமே அக்குருகுலத்தின் பாடங்கள். பல்துறைத் திறன் என்று பிற்காலத்தார் வியந்தது அங்கே அன்றாடக் கடமையாய் இருந்தது.

1931-இல் அக்குழு வெ. சாமிநாத சர்மா எழுதிய 'பாணபுரத்து வீரன்' நாடகத்தைத் 'தேசபக்தி' என்னும் பெயரில் நடத்தியது. சட்டமறுப்பு இயக்கம் நாட்டை உலுக்கியிருந்த காலம். அந்நாடகத்தின் இடையே காந்தி மகான் கதையை வில்லுப்பாட்டாக நிகழ்த்தினார் கிருஷ்ணன். சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் உரிய இசைவடிவில் வாழும் மனிதர் ஒருவரின் கதை ஏறியது. நாடகத்தின் கதை வேறு, வில்லுப்பாட்டு வேறு. ஆயினும் நாடகத்திற்குள் மற்றொரு மேடை அமைத்து, அதில் காலத்தின் செய்தியைச் சொல்லும் முறையை அவர் கண்டுகொண்டது இங்கேதான். பின்னாளில் திரையில் அவர் செய்த அனைத்திற்கும் இதுவே முன்மாதிரி.

திரைக்குள் ஒரு தனிமேடை

1931 அக்டோபர் 31-ஆம் நாள் சென்னையில் திரையிடப்பட்ட 'காளிதாஸ்' தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்கம். அதனோடு குறத்தி நடனம் முதலிய தனித் துண்டுகளும் சேர்த்துக் காட்டப்பட்டன. தொடக்ககாலத் திரைப்படம் நாடகக் கொட்டகையின் பல்சுவைப் பழக்கத்தை எவ்வளவு தூரம் தன்னுடன் எடுத்துவந்தது என்பதற்கு இது சான்று. கதை ஒருபுறம் ஓட, பாட்டும் ஆட்டமும் கேலியும் தனித்தனியே நிகழ்வதைப் பார்வையாளர் குறையாகக் கருதவில்லை. இரவு முழுதும் நடந்த நாடகங்களின் சுவை அவர்களிடம் மாறவில்லை.

டி.கே.எஸ். குழுவின் 'மேனகா' 1935-இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமாயிற்று. கிருஷ்ணனும் அதில் நடித்தார். அடுத்த ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' வந்தது. எம்.ஜி. இராமச்சந்திரனுக்கும் டி.எஸ். பாலையாவுக்கும் அதுவே முதற்படம். அப்படத்திலேயே தமக்குரிய நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணன் தாமே எழுதிக்கொண்டார் என்பது கருதத்தக்கது.

அன்றிலிருந்து அவர் பின்பற்றிய நடைமுறை தமிழ்த் திரையுலகிற்குப் புதிது. படத்தின் கதை யாருடையதாயினும் நகைச்சுவைப் பகுதியை அவரே அமைப்பார். புளிமூட்டை இராமசாமி, டி.எஸ். துரைராஜ், காகா இராதாகிருஷ்ணன் போன்றோர் அவருடன் நடித்தனர். தம்முடன் நடிப்போரை அவரே பயிற்றுவிப்பார். வசனமும் பாட்டும் அவர் மேற்பார்வையில் உருவாகும். பின்னர் அது படத்தோடு இணைக்கப்படும். ஒரு நாடகக் குழுவையே அவர் படத்துக்குள் குடியேற்றினார் எனலாம். எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி' (1937), 'திருநீலகண்டர்' (1939), 'அசோக்குமார்' (1941), 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) ஆகிய படங்களில் அக்குடியிருப்பைக் காணலாம். முதன்மைக் கதை பக்தியையும் காதலையும் பாடிக்கொண்டிருக்க, கிருஷ்ணனின் பகுதி போலிச் சாமியாரையும் மூடநம்பிக்கையையும் குடும்பச் சண்டையையும் பேசிக்கொண்டிருந்தது. புராணப் படம் பார்க்க வந்தவர் இருபதாம் நூற்றாண்டின் செய்தியையும் கேட்டுத் திரும்பினார்.

கதையோடு ஒட்டாத நகைச்சுவை கலைக்குறை என்று கூறுவோர் உளர். நாடக இலக்கணத்தின்படி அவர்கள் கூற்றில் பொருளுண்டு. பல படங்களில் அப்பகுதியை நீக்கினாலும் கதை கெடாது என்பது மறுக்க இயலாதது. ஆயின் அந்த ஒட்டாமையே அவருக்கு விடுதலை தந்தது என்பதையும் எண்ண வேண்டும். கதையோடு பிணைந்த பாத்திரம் கதாசிரியர் விரும்பியதையே பேசும். தனித்து நின்ற பாத்திரம் தான் விரும்பியதைப் பேசலாம்.

ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் நுட்பத்திற்கு 1940-இல் வந்த 'சகுந்தலை' நல்ல எடுத்துக்காட்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் தலைமை வேடம் ஏற்ற அப்படத்தில் கிருஷ்ணனும் துரைராஜும் மீனவராக வந்தனர். காளிதாசரின் நாடகத்திலேயே ஆறாம் அங்கத்தின் தொடக்கத்தில் மோதிரம் கண்டெடுத்த மீனவன் காவலரிடம் அகப்படும் சிறு காட்சி உண்டு. உயர்ந்தோர் வடமொழி பேச, அக்காட்சியின் மாந்தர் பிராகிருதம் பேசுவர். மன்னனின் காதற்கதையில் எளியவர் குரல் ஒலிக்கும் இடம் அது. அச்சிறு சாளரத்தைக் கிருஷ்ணன் பெரிய வாயிலாக்கி, நாட்டுப்புறப் பேச்சுத் தமிழைச் சகுந்தலையின் கதைக்குள் உலவவிட்டார். காளிதாசர் செய்ததையே அவர் தம் காலத்திற்கேற்பச் செய்தார்.

மதுரம்

இக்கலையில் சரிபாதி உரிமை டி.ஏ. மதுரத்துக்கு உண்டு. 'ரத்னாவளி' (1935) படத்தின்வழித் திரைக்கு வந்த அவர், 1936-இல் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் பூனா சென்றபோது கிருஷ்ணனைச் சந்தித்தார். அங்கேயே இருவரும் மணந்துகொண்டனர். நாகர்கோயிலில் தமக்கு நாகம்மை என்னும் மனைவி இருப்பதைக் கிருஷ்ணன் அப்போது மதுரத்திடம் கூறவில்லை. உண்மையைப் பின்னரே அறிந்த மதுரம் வருந்தினார், சினந்தார், பின்பு அவ்வாழ்வை ஏற்றார். பெண்ணுரிமையைப் பாட்டிலும் பேச்சிலும் வற்புறுத்திய ஒரு கலைஞரின் வாழ்வில் இப்பகுதியை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

திரையில் மதுரம் ஏற்ற பாத்திரங்கள் வெறும் துணைப் பாத்திரங்கள் அல்ல. அக்காலக் கதைத்தலைவியர் பெரும்பாலும் அழுதனர், பாடினர், காத்திருந்தனர். மதுரத்தின் பெண்ணோ எதிர்த்துக் கேட்டாள். கணவன் அளந்துவிடும் பேச்சை ஒரே வினாவால் சரியவைத்தாள். கணவனும் மனைவியும் அறிவியலைப் பற்றி வழக்காடும் புகழ்பெற்ற பாட்டொன்றில், நாட்டை உயர்த்தும் பெருந்திட்டங்களைக் கணவன் அடுக்க, அடுக்களையில் உழலும் பெண்ணுக்கு அதனால் ஆவது என்ன என்று அவள் கேட்பாள். நகைப்புக்கிடையே எழுந்த அக்கேள்வி அன்று மேடைகளில் பேசப்பட்ட சீர்திருத்தங்கள் பலவற்றுக்கும் முற்பட்டு நின்றது. வில்லுப்பாட்டில் 'ஆமாம்' போடுபவரின் இடத்தை ஒரு பெண் ஏற்று, 'ஆமாம்' என்பதற்குப் பதிலாக 'ஏன்' என்று கேட்டதே மதுரத்தின் பங்களிப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் இவ்விணை நடித்தது.

இடிந்தும் எழுந்தும்

1944 அக்டோபரில் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அது ஓடிக்கொண்டிருந்த காலத்தின் பெரும்பகுதியில் அதன் நாயகரும் நகைச்சுவையாளரும் சிறையில் இருந்தனர். திரையுலகினரின் சொந்த வாழ்வைப் பற்றி அவதூறு எழுதிவந்த 'இந்து நேசன்' இதழின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரியில் தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் டிசம்பரில் கைதாயினர். 1945 மே 3-ஆம் நாள் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்ற மேல்முறையீடு தோற்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டும் விசாரணைக்கு வந்தது. 1947 ஏப்ரலில் குற்றமற்றவர்கள் என இருவரும் விடுதலையாயினர்.

அவ்விரண்டரை ஆண்டுகளில் வழக்கின் செலவுச்சுமை மதுரத்தின் தோளில் விழுந்தது. கிருஷ்ணன் பெயரில் நாடக சபையை நடத்தி, எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு அவர் குழுவைக் கலையவிடாமல் காத்தார். அச்சபையின் 'பைத்தியக்காரன்' நாடகம் 1947-இல் படமாயிற்று. படத்தின் பணிகள் நடக்கையில் விடுதலையான கிருஷ்ணன் அதில் தோன்றினார். தம் சிறை அனுபவத்தையே நகைச்சுவைப் பாட்டாக்கிப் பாடினார். ஆயுள் தண்டனையிலிருந்து மீண்டவர் அத்துயரை மக்கள்முன் சிரிப்புக்குரிய பொருளாக வைத்தது எளிய செயலன்று.

சிறை மீண்ட பின் பாகவதரின் புகழ் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கிருஷ்ணனின் கலையோ கூர்மை பெற்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் காலமாற்றம் எனலாம். பாட்டால் நிறைந்த புராணப் படங்கள் குறைந்து, வசனத்தால் இயங்கும் சமூகப் படங்கள் பெருகின. பாகவதரின் கலை முதலாவதற்கு உரியது. கிருஷ்ணனோ புராணப் படங்களிலேயே சமூகத்தைப் பேசிப் பழகியவர். அவர் மாற வேண்டியிருக்கவில்லை. காலம் அவரை நோக்கி வந்தது. அவ்வாண்டிலேயே சென்னையில் நிகழ்ந்த பாராட்டு விழாவில் பம்மல் சம்பந்த முதலியார் 'கலைவாணர்' என்னும் பட்டத்தை வழங்கினார். நாடகப் பேராசிரியர் கையால் ஒரு கோமாளிக்கு வழங்கப்பட்ட பட்டம் அது.

நந்தனாரும் கிந்தனாரும்

கலைவாணரின் படைப்புகளுள் தலையாயது 'கிந்தனார்' கதாகாலட்சேபம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தன் சரித்திரக் கீர்த்தனை தமிழகமெங்கும் காலட்சேப மேடைகளில் பாடப்பட்டது. பழைய தென்னார்க்காட்டு மக்களுக்கு அக்கதை நெருக்கமானது. நந்தனார் சென்றடைய ஏங்கிய தில்லை அம்மாவட்டத்தில்தான் இருந்தது. தீண்டாமையின் கொடுமையையும் அதை மீறிய பக்தியையும் உருக்கமாகப் பாடும் அக்கதை, நந்தனார் தீயில் மூழ்கி எழுவதோடு முடிகிறது.

உடுமலை நாராயணகவியின் பாட்டுத்திறத்தோடு கலைவாணர் இதற்கு ஒரு மறுகதை அமைத்தார். கிந்தன் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த சிறுவன். அவன் ஏங்குவது தில்லைக்குச் செல்ல அன்று. பட்டணத்திற்குச் சென்று படிக்க. தடைகளைக் கடந்து பட்டணம் சென்று, படித்துக் கல்வி அதிகாரியாகித் தன் ஊருக்கே திரும்புகிறான். நந்தனாருக்குத் தீ திறந்த வழியைக் கிந்தனாருக்குக் கல்வி திறக்கிறது. இடையே புகைவண்டியைப் பாடும் பகுதி உண்டு. எக்குலத்தாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் ஊர்தியாக அது புகழப்படுகிறது. பழங்கதையில் தெய்வம் செய்த சமன்மையை இங்கே இயந்திரம் செய்கிறது.

இதில் குறிக்கத்தக்கது அவர் கையாண்ட முறை. காலட்சேபத்தை அவர் பழிக்கவில்லை. பாகவதரின் இருப்பையும், இராகத்தையும், கட்டை ஒலியையும், உரைநடைக்குத் தாவும் உத்தியையும் முழுமையாகக் கற்று அவ்வடிவிலேயே நிகழ்த்தினார். வடிவத்தை மதித்தமையால் அவ்வடிவத்தின் சுவைஞர்களும் கேட்டனர். கேட்டபின்பே அதன் பொருளை உணர்ந்தனர். கேலியாகத் தொடங்குவது கேட்போர் அறியாமலே வேண்டுகோளாக மாறிவிடும் நுட்பம் அதில் உள்ளது.

அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கி, 1949-இல் வெளியான 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் இடம்பெற்றது. 1931-இல் நாடகத்துக்குள் வில்லுப்பாட்டு. 1949-இல் திரைப்படத்துக்குள் காலட்சேபம். பதினெட்டு ஆண்டுகளாக அவர் ஒரே முறையைத்தான் வளர்த்து வந்தார் என்பது இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவார்க்குப் புலனாகும். பின்னர் மு. கருணாநிதியின் வசனத்தில் 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகிய படங்களை அவரே இயக்கினார்.

கலைஞரும் கவிஞரும்

கவிஞர்கள் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. கலைவாணரின் பாட்டு என்று மக்கள் சொல்வனவற்றுள் பல உடுமலை நாராயணகவி எழுதியவை. 1899-இல் பூளவாடியில் பிறந்து, உடுமலை முத்துசாமிக் கவிராயரிடம் நாடகப்பாட்டுப் பயின்ற நாராயணகவியும் மேடையின் பிள்ளையே. பாடுவோன் எங்கே மூச்சு விடுவான், அவையோர் எங்கே சிரிப்பர், சிரிப்பு அடங்க எத்தனை தாளம் விட வேண்டும் என்பனவற்றை அறிந்து எழுதியவர் அவர். நாட்டுப்புறச் சந்தத்தில் வழக்குச் சொல்லைப் பதித்து, அதில் சமூகக் கருத்தை ஏற்றினார். கலைவாணர் அவருக்கு மேடை தந்தார். அவர் கலைவாணருக்கு நாவினைத் தந்தார். வில்லிசைக்கென இளைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து எழுதச் செய்தவரும் கலைவாணரே. 2021-இல் பத்மஸ்ரீ பெற்று 2022-இல் மறைந்த அவ்வில்லிசை வேந்தர், வாழ்நாள் முழுதும் கலைவாணரைத் தம் வழிகாட்டியாகக் குறித்துவந்தார்.

சொல்லின்மேல் கலைவாணருக்கு இருந்த ஆட்சிக்குப் 'பணம்' படப் பாட்டு சான்று. 1949-இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதலெழுத்துகளை வைத்து அப்பாட்டு அமைந்தது. திரையில் அவ்வெழுத்துகள் 'திருக்குறள் முன்னணிக் கழகம்' என விரிந்தன. தணிக்கையாளர் திருக்குறளை மறுக்க இயலாது. மக்களுக்கோ பொருள் விளங்காமல் இல்லை. அரசனைப் புகழ்வதுபோல் இகழும் கட்டியங்காரனின் சொல்வன்மையே இது.

தொல்காப்பியர் நகை என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களுள் எள்ளலை முதலாவதாக வைத்தார். எள்ளலாவது தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டவழி நகுதலும் என இருவகைப்படும் என்பர் உரையாசிரியர். முதல்வகை எளிது, எங்கும் உள்ளது. இரண்டாம் வகை அரிது. கலைவாணர் பெரிதும் பற்றி நின்றது இரண்டாம் வகையையே. குடிகாரனைத் திருத்த வேண்டின் தாமே குடிகாரனாக வந்தார். மூடனைத் திருத்த வேண்டின் தாமே மூடனாக நின்று மதுரத்திடம் தோற்றார். உடற்குறையையும் பிறப்பையும் நகைப்பொருளாக்குவதை அவர் தவிர்த்தார். 'ராஜா ராணி' (1956) படத்தில் சிரிப்பின் வகைகளையெல்லாம் பாடிச் சிரித்துக் காட்டும் பகுதி, ஒருவகையில் அவர் எழுதாது விட்ட மெய்ப்பாட்டியல் உரை எனலாம்.

அரசியல் மேடையிலும் இப்பண்பு மாறவில்லை. 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காகப் பேசச் சென்ற கலைவாணர், எதிர்த்து நின்ற மருத்துவரின் கைராசியையே நெடுநேரம் புகழ்ந்தாராம். இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிவிட்டால் ஊராருக்கு வைத்தியம் பார்ப்பது யார் என்று கேட்டு முடித்தாராம். இந்நிகழ்ச்சி வாய்மொழியாகப் பரவியது. அதில் ஒருவரையும் இழித்துரைக்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் எண்ணத்தக்கது.

எஞ்சியவை

ஈட்டியதைச் சேர்த்துவைக்கும் இயல்பு அவரிடம் இல்லை. காந்தியடிகள் மறைந்தபின் நாகர்கோயிலில் தம் பொருட்செலவில் நினைவுத்தூண் எழுப்பினார். கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் கொடுத்தார். இறுதிக் காலத்தில் பணமுடை சூழ்ந்தது, உடல்நலம் குன்றியது. 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள், ஐம்பது வயது நிறையுமுன், சென்னையில் மறைந்தார். 1937-இல் பாகவதரின் 'அம்பிகாபதி'யில் நடித்த அவர், அதே கதை சிவாஜி கணேசன் நடிப்பில் மீண்டும் படமானபோதும் நடித்தார். அது வெளிவந்ததைக் காண அவர் இல்லை. செஞ்சிக்கோட்டையின் கதையைக் கூறும் 'ராஜா தேசிங்கு' அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1960-இல் திரைக்கு வந்தது. கூத்தின் நிலமாகிய செஞ்சியின் கதை அவர் தோன்றிய இறுதிப் படங்களுள் ஒன்றாக அமைந்தது. மதுரம் 1974 வரை வாழ்ந்தார்.

1969 ஜனவரி 14-ஆம் நாள் சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை அந்நாள் முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். நோயின் பிடியில் இருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அதுவே. இருபது நாட்களில் அவரும் மறைந்தார். சென்னையின் பாலர் அரங்கம் கலைவாணர் அரங்கமாகப் பெயர் பெற்றது. பழைய கட்டடம் நீக்கப்பட்டு, அதே பெயரில் புதிய அரங்கம் 2016-இல் திறக்கப்பட்டது.

கலைவாணருக்குப் பின்னும் தனி நகைச்சுவைப் பகுதி தமிழ்ப் படங்களில் பன்னெடுங்காலம் தொடர்ந்தது. அவர் வகுத்த அமைப்பைப் பின்வந்தோர் எளிதில் ஏற்றனர். அவ்வமைப்பு எதற்காக வகுக்கப்பட்டதோ அந்நோக்கம் அந்த அளவுக்குத் தொடரவில்லை. கதையிலிருந்து விலகி நிற்பது அவருக்குப் பேசுவதற்கான உரிமை. பின்வந்தோர் பலருக்கு அது இளைப்பாறும் இடைவேளை. மேலும், அவர் பகுதியில் ஒரு கவிஞருக்கு இருந்த இடம் பின்னாளில் சுருங்கியது. பாட்டாலும் பேசிய கோமாளி, பேச்சால் மட்டும் பேசத் தலைப்பட்டான்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஊர்களில் பாரதக்கூத்து இன்றும் நிகழ்கிறது. கட்டியங்காரன் இன்றும் முதலில் களமேறுகிறான். அவன் வாயில் ஒலிக்கும் பாட்டுகளிற் பல தலைமுறை தலைமுறையாக வருவன. புதிய பாட்டும் அவனுக்கு வேண்டும். நாராயணகவி கலைவாணருக்குச் செய்ததை இவ்வட்டாரத்துக் கவிஞர்கள் கட்டியங்காரனுக்குச் செய்வார்களாயின், கருவடிக்குப்பத்தில் துயிலும் பேராசிரியருக்கும் அவர்தம் மாணவர் மரபில் வந்த கலைவாணருக்கும் ஒருங்கே செலுத்தும் நன்றியாக அஃது அமையும்.